கரண்ட் கணக்கு நாமே போடலாம்!



நூத்துக்கு ரெண்டு வட்டி என்றால் ஐயாயிரம் ரூபாய்க்கு மாசம் எவ்வளவு என்று நம்ம உறுப்பினர் யாரைக் கேட்டாலும் வாய்க்கணக்காகவே பதில் வரும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் நாமே எழுதுகிறோம். ஆனால் குழுக்கடனில் கிரைண்டரோ தையல் மெஷின் மோட்டாரோ வாங்கும்போது, "இது கரண்ட் எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டால் மட்டும், "அதை வயர்மேனைத்தான் கேக்கோணும்" என்று விட்டு விடுகிறோம்.

நம்ம கொங்குப் பக்கத்துக்குக் கரண்ட் புதுசு இல்லை. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் கோயம்புத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் மில்லுகள் பெருகின. கிணற்றில் கவலை ஓட்டிய இடத்தில் மோட்டார் வந்தது. தறியும் கரண்டுக்கு மாறியது. ஆட்டுரல் வேலையைக் குறைத்த கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தையும் தொடங்கியது. மெஷின் எல்லாம் நம்ம கைக்கு வந்துவிட்டது. அதன் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. இந்த இதழில் அதைக் கற்றுக்கொள்வோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வாய்க்கால் தண்ணி மாதிரிதான் கரண்டும்

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விடும்போது என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணி ஓடும். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம். வாய்க்கால் அகலமாக இருந்தால் நிறையத் தண்ணி போகும். குறுகலாக இருந்தாலும், புல்லும் வண்டலும் அடைத்திருந்தாலும் கொஞ்சம்தான் போகும்.

கரண்டிலும் இதே மூன்றுதான்.

வோல்ட் என்பது தண்ணியைத் தள்ளும் மேட்டு உயரம் மாதிரி. புத்தகத்தில் மின்னழுத்தம் என்பார்கள். நம்ம வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட்.

ஆம்பியர் என்பது ஓடுகிற தண்ணியின் அளவு மாதிரி. இதற்கு மின்னோட்டம் என்று பெயர்.

ஓம் என்பது ஓட்டத்தைத் தடுக்கும் குறுகல் மாதிரி. இதற்கு மின்தடை என்று பெயர்.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டு சொன்னவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டு செய்யும் கொல்லரின் மகன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1827-ல் அவர் இதைப் புத்தகமாக எழுதியபோது சொந்த நாட்டில் பெரிதாக மதிப்பில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்துப் பெருமைப்படுத்தியது. பிறகு மின்தடையின் அளவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். இன்று நம்ம பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் படிக்கும் ஓம் விதி அவருடையதுதான்.

மூன்று கணக்கு, மூன்று வரி

இவற்றைக் குழு நோட்டின் பின் அட்டையில் எழுதி வையுங்கள்.

தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்
யூனிட் = வாட் × ஓடிய மணி நேரம் ÷ 1000

ஒரு உதாரணம் பார்ப்போம். வயர்மேன் ஒரு ஹீட்டரை ஓட்டிப் பார்த்து, 230 வோல்ட் வருகிறது, 5 ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டர் பார்த்துச் சொல்கிறார்.

தடை: 230 ÷ 5 = 46 ஓம்.
திறன்: 230 × 5 = 1150 வாட்.
ஒரு மணி நேரம் ஓடினால்: 1150 × 1 ÷ 1000 = 1.15 யூனிட்.

அவ்வளவுதானுங்க. வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு எண் கிடைத்தால் மற்றது எல்லாம் கிடைத்துவிடும். மெஷினின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தகட்டிலும் இந்த எண்கள் இருக்கும். சிலதில் வாட் மட்டும் போட்டிருப்பார்கள். அப்போது வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்க. பழைய 60 வாட் குண்டு பல்ப் 10 மணி நேரம் எரிந்தால் 600 ÷ 1000 = 0.6 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்ப் அதே 10 மணி நேரத்துக்கு 0.09 யூனிட். எதை மாற்றினால் பில் குறையும் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வோல்ட் குறைந்தால் என்ன ஆகும்?

கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேராத மாதிரி, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு வோல்ட் குறைந்துதான் போகும். சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போட்டால் இன்னும் குறையும். 230 வரவேண்டிய இடத்தில் 184 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முன்பு சொன்ன ஹீட்டரின் தடை அதே 46 ஓம்தான்.

ஆம்பியர்: 184 ÷ 46 = 4.
திறன்: 184 × 4 = 736 வாட்.

வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் சூடு 1150-லிருந்து 736-க்கு வந்துவிட்டது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது. தண்ணி சுட நேரமாவதற்கும், அயர்ன் பாக்ஸ் சூடேறாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். பொருளில் குறை இல்லை.

மோட்டார் விஷயம் வேறு. ஹீட்டர் கிடைத்ததை வைத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்யும். மோட்டாரோ, கல்லைச் சுற்றியே ஆகவேண்டும் என்று பாடுபடும். வோல்ட் குறையும்போது அதைச் சரிக்கட்ட ஆம்பியரை அதிகம் இழுக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுத்த மோட்டார், 184 வோல்ட்டில் அதே வேலையைச் செய்யச் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். உள்ளே இருக்கும் காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கியபடி ஏறும். 6 × 6 = 36, 7.5 × 7.5 = 56. ஒன்றரை மடங்குக்கும் மேல் சூடு! தோட்டத்து மோட்டார் லோ வோல்ட்டில் ஓடிக் காயில் போவது இப்படித்தான். கிரைண்டர் மோட்டாருக்கும் அதே கதிதான். காயில் கட்டும் செலவும் போய், நாலு நாள் மாவு வியாபாரமும் போய்விடும். அதனால் லைட் மங்கலாக எரியும் நேரத்தில் மோட்டார் போடாதீர்கள்.

குழு கிரைண்டர் கணக்கு

குழுவுக்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் உள்ள பெரிய கிரைண்டர் வாங்கி, ஒரு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் வைத்து இட்லி மாவு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கரண்ட் பில் வந்த அன்றைக்குத்தான் பேச்சு வரும். "எங்க வீட்டு பில் இத்தனை ஏறிப்போச்சு" என்று ஒருத்தர் சொல்ல, "எல்லாமே கிரைண்டர் இழுத்ததா?" என்று இன்னொருத்தர் கேட்க, மனஸ்தாபம் ஆகிவிடும். கணக்கு போட்டு வைத்தால் இந்தப் பேச்சே வராது.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அது கல்லைச் சுற்றும் பலம் மட்டும்தான். சூடாகவும் உராய்வாகவும் கொஞ்சம் வீணாவதால், கம்பியிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம் இருக்கும். மோட்டாரில் இன்னொரு விஷயமும் உண்டு. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது முழுவதும் வாட் ஆகாது. தகட்டில் பவர் ஃபேக்டர் என்று ஒரு எண் இருந்தால் அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் தோராயமாக முக்கால் பங்கு, அதாவது 0.75 என்று வைத்துக்கொள்ளலாம்.

230 வோல்ட் × 6 ஆம்பியர் × 0.75 = 1035 வாட்.

ஆக, ஒரு மணி நேரம் ஓட்டினால் சுமார் ஒரு யூனிட் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தினம் 3 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 78 மணி நேரம்.
1035 × 78 ÷ 1000 = சுமார் 81 யூனிட்.

மாவுக்கு விலை வைக்கவும் இதுவே உதவும். மணிக்கு 8 கிலோ மாவு ஆட்டுகிறோம், ஒரு யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், கிலோவுக்குக் கரண்ட் செலவு ஏறக்குறைய 1 ரூபாய். உங்கள் மெஷின் எவ்வளவு ஆட்டுகிறது, உங்கள் இணைப்புக்கு யூனிட் என்ன விலை என்று பார்த்து அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி, உளுந்து, ஆள்கூலி, கடன் தவணை இவற்றோடு இதையும் சேர்த்தால்தான் லாபம் எவ்வளவு என்று தெரியும்.

இங்கே மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: மெஷின் வாங்குவதற்கு முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய், "இந்த மாதிரி வியாபாரத்துக்கு ஓட்டப் போகிறோம், எந்தக் கட்டண வகையில் இணைப்பு வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு வகைக்கு வாங்கிய இணைப்பை வேறு வகைக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அந்த வகைக்கு உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடலாம். ஒரு வருஷ லாபம் அதிலேயே போய்விடும்.

இரண்டு: தனி இணைப்பு கிடைத்தால் அந்த மீட்டரே குழுவின் கணக்கு. சண்டைக்கு இடமில்லை.

மூன்று: ஒரே இணைப்பில் ஓட்டலாம் என்று அலுவலகத்தில் சொன்னால், கிரைண்டருக்குச் சப் மீட்டர் ஒன்று வைத்துவிடுங்கள். மொத்த பில்லை யூனிட்டுக்குச் சராசரி போட்டுப் பிரிக்காதீர்கள். ஏனென்றால் வீட்டுக் கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். கிரைண்டர் இல்லாவிட்டால் அந்த வீடு குறைந்த விலைப் படியிலேயே நின்றிருக்கும். மேல் படிக்கு ஏற்றிவிட்டது குழுவின் கிரைண்டர்தான். அதனால் வீட்டுக்கு மட்டும் எவ்வளவு வந்திருக்கும் என்று தனியாகக் கணக்குப் போட்டு, மொத்த பில்லில் அதைக் கழித்து, மீதி முழுவதையும் குழு கொடுப்பதுதான் நியாயம். சராசரி போட்டால் இடம் கொடுத்த உறுப்பினருக்குத்தான் நஷ்டம். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

வயரும் ஒரு தடைதான்

திண்ணையில் பிளக் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்து மெல்லிசு வயரை இழுத்துவந்து கிரைண்டரை மாட்டுவது நம்ம பக்கம் சகஜம். வயருக்கும் தடை உண்டு. மெல்லிசானால் தடை அதிகம், நீளமானாலும் அதிகம்.

ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் 20 மீட்டர் இழுத்தால், போக வர 40 மீட்டர். அதன் தடை சுமார் 0.72 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே உண்டாகும் சூடு:

ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = 6 × 6 × 0.72 = 26 வாட்.

அதே வயரில் இன்னொரு பொருளையும் மாட்டி 12 ஆம்பியர் ஆகிவிட்டால்: 12 × 12 × 0.72 = 104 வாட். ஆம்பியர் இரண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு! வயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியே போகாமல் உள்ளேயே நிற்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கக்கூட வழி உண்டு. வயரையோ பிளக்கையோ தொட்டால் சுடுகிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இதற்கே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் தடை 0.3 ஓம்தான். 6 ஆம்பியருக்கு 11 வாட் சூடுதான் வரும். வயருக்குக் கொஞ்சம் காசு கூட ஆகும். ஆனால் அது மோட்டாரையும் வீட்டையும் காப்பாற்றும். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் ஐந்து மடங்கு வரை ஆம்பியர் இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். லைட் ஒரு கணம் மங்குவது அதனால்தான்.

ஈரக் கை: இந்தக் கணக்கை எல்லாரும் போடோணும்

கிரைண்டர் என்றாலே ஈரம்தான். மாவு வழிக்கும் கை ஈரம், கழுவும் தரை ஈரம். நம்ம உடம்புக்கும் மின்தடை உண்டு. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். தோல் நனைந்துவிட்டால் சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.

230 ÷ 1000 = 0.23 ஆம்பியர்.

பார்த்தால் சின்ன எண். ஆனால் 0.1 ஆம்பியர் நெஞ்சு வழியாக ஓடினாலே இதயம் நின்று உயிர் போகலாம். நம்ம வீட்டு ஃபியூஸும் எம்.சி.பி.யும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் தாண்டினால்தான் விழும். 0.23 ஆம்பியருக்கு அது அசையாது. "ஃபியூஸ் இருக்குது, பயமில்லை" என்ற நினைப்பு தப்பு. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, நம்மை இல்லை.

நம்மைக் காப்பாற்றுவது இரண்டு.

முதலாவது ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்ச். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

இரண்டாவது எர்த். மூன்று முனைப் பிளக்கில் பெரிய முனை அதற்குத்தான். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால், கிரைண்டரின் உடம்பில் கரண்ட் கசியும்போது 230 ÷ 5 = 46 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும். ஃபியூஸ் உடனே போய்விடும். அதே குழி கோடையில் காய்ந்து தடை 100 ஓம் ஆகிவிட்டால், 230 ÷ 100 = 2.3 ஆம்பியர்தான். ஃபியூஸ் போகாது. கிரைண்டரின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், தொடுகிறவருக்காக. எர்த் குழிக்குத் தண்ணி ஊற்றச் சொல்வது சும்மா இல்லை, பார்த்தீர்களா?

கிரைண்டரைக் கழுவும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். கணக்கு நாம் போடலாம். மீட்டர் வைத்து அளப்பதும், பெட்டியைத் திறப்பதும், வயர் மாட்டுவதும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை. அவர் சொல்லும் எண்ணை வாங்கி நோட்டில் எழுதுவது நம் வேலை.

அடுத்த குழுக் கூட்டத்தில்

ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டில் உள்ள மூன்று பொருளின் தகட்டைப் பார்த்து வோல்ட், ஆம்பியர் அல்லது வாட் எழுதி வாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி கரண்ட் பில்லையும் கொண்டுவந்து, எது எவ்வளவு யூனிட் இழுக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மெஷின் வாங்கக் கடன் கேட்கும் குழுக்கள் இந்தக் கணக்கையும் விண்ணப்பத்தோடு வைத்தால், தவணை கட்ட முடியுமா என்று நமக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும்.

பயிற்சிக் கணக்கு:

1. அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கிறது. தடை எவ்வளவு? திறன் எவ்வளவு? தினம் அரை மணி நேரம் என்றால் 30 நாளுக்கு எத்தனை யூனிட்?

2. வாட்டர் ஹீட்டர் தகட்டில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாமா?

3. ஒரு வயரில் 4 ஆம்பியர் ஓடியது. இப்போது 8 ஆம்பியர் ஓடுகிறது. வயரின் சூடு எத்தனை மடங்கு ஆகும்?

விடை:

1. தடை 57.5 ஓம், திறன் 920 வாட், 15 மணி நேரத்துக்கு 13.8 யூனிட்.

2. 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். மாட்டக் கூடாது, 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

3. நாலு மடங்கு.

விடையை முதலில் பார்க்காமல் போட்டுப் பாருங்க. வட்டிக் கணக்கு போடும் கைக்கு இது ஒரு பாரமே இல்லை.